நடு ரீல்

ஐப்பசி பிறந்துவிட்டால் உத்திரமேரூர் டெண்ட் கொட்டகையைச் சாத்திவிடுவார்கள். மணல் தரை சேறாகிவிடும். சேற்றில் உட்கார்ந்து படம் பார்க்க நம் ஜனங்கள் தயார்தான், கொட்டகைக்காரருக்குத்தான் மனசு வராது. அப்புறம் பொங்கல் வரைக்கும் சினிமாப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு டிவிப் பெட்டிதான் கதி. மானாம்பதி ரோட்டில் ஏரியை ஒட்டியிருந்த அந்தச் சின்ன ஊரில் டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில், பஞ்சாட்சரம் வீட்டில். மரக்கதவு வைத்துப் பூட்டுகிற கறுப்பு வெள்ளைப் பெட்டி. மொட்டை மாடியில் நெட்டையாக ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் மெட்ராஸைப் பார்த்து நிற்கிற ஆன்டெனா. சனிக்கிழமை இந்திப் படம், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்குத் தெருவில் விளையாட்டும் கிடையாது. ஆகவே பாதி ஊர் அந்தக் கூடத்தில்தான் கிடக்கும்.

ஆதிலட்சுமிக்கு மழையும் பிடிக்கும், சினிமாவும் பிடிக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தாலே நிலைகொள்ளாது. அடுப்பில் வைத்ததை மறப்பாள். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டே குடத்தைத் தேடுவாள்.

"வாரக் கடைசியானா உனக்கு இன்னா ஆவுது? காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது," என்று அவள் புருஷன் தாமோதரன் கேட்பான்.

"மழையில்ல, அதான்," என்பாள். சினிமாவுக்குப் பயப்படுகிறேன் என்று எந்த மனுஷி புருஷனிடம் சொல்வாள்?

அவள் தாமோதரனுக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி பார்வதி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போனது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கனகாவுக்கு ஒன்பது வயது, சின்னராசுவுக்கு ஐந்து. போன தை மாசம் கழுத்தில் தாலி ஏறி ஆதிலட்சுமி அந்த வீட்டுக்கு வந்த மறுநாளே சின்னராசு மடியில் ஏறி உட்கார்ந்து 'தொத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். சினிமாவில் சித்தி என்பார்கள், அந்தப் பக்கத்தில் தொத்தா. கனகா எதுவும் கூப்பிடவில்லை. எதிரே வந்து நிற்பாள். "சோறு" என்பாள். "தலை பின்னணும்" என்பாள். அவசரமென்றால் "இந்தா" என்பாள். ஆளை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடாமலேயே ஒரு பெண் இத்தனை மாசம் ஓட்ட முடியும் என்று ஆதிலட்சுமி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் வாயால் ஒரு தடவை கூப்பிட்டுவிட வேண்டும். ஆதிலட்சுமி நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை, அவளுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பாவாடைக்கு அடியில் பூ வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கனகா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

இந்த லட்சணத்தில் குறுக்கே வந்து நின்றது சினிமா. படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டாம் தாரத்தின் மேல் அப்படி என்னதான் ஆத்திரமோ. சித்தி என்று ஒருத்தி வந்தால் போதும், கையில் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டுதான் வருவாள். பிள்ளைக்குப் பழைய சோறு போடுவாள். அதையும் நாய்க்குப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரிப்பாள். ஆதிலட்சுமிக்கு இந்திப் படம் வருகிற சனிக்கிழமைதான் நிம்மதி. அங்கே யார் சித்தி, யார் அத்தை என்று ஒருத்தருக்கும் விளங்காது. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், மழையில் நனைகிறார்கள், படம் முடிந்தது, எழுந்து வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்படியில்லை. பஞ்சாட்சரம் பெண்டாட்டி தாயாரம்மாள், செத்துப்போன பார்வதிக்கு ஒன்றுவிட்ட அக்கா. பிள்ளைகளுக்குப் பெரியம்மா முறை. பஞ்சாட்சரத்தின் டிராக்டரைத்தான் தாமோதரன் ஓட்டினான். தாயாரம்மாள் படம் பார்க்கிற விதமே தனி. திரையில் பேசுகிறவர்கள் மூச்சு விடுகிற இடைவெளியில் இவள் பேசுவாள். மழைக்காலம் ஆரம்பித்த புதிதில் ஒரு படம் போட்டார்கள். அதில் சித்திக்காரி பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைக் கிணற்றில் எறிந்தாள். தாயாரம்மாள் 'ச்சொ' கொட்டினாள்.

"பொறந்த பாவம் பாரு. பெத்தவ போயிட்டா புள்ளைங்க கதி இதான்," என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் கோணிமேல் உட்கார்ந்திருந்த கனகாவையும் சின்னராசுவையும் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பிள்ளைகள் பக்கம் முதலில், அப்புறம் ஆதிலட்சுமி பக்கம். அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. கையில் கரண்டிகூட இல்லை, ஒரு வேர்க்கடலைப் பொட்டலம்தான் இருந்தது. அன்றைக்கு இராத்திரி கனகா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

போகாமல் இருந்துவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போகும்போது இந்த இரண்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டால் மறுநாள் பால் சொசைட்டியில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மாற்றாந்தாய் புத்தியைக் காட்டிவிட்டாள் பார், ஓசி டிவி பார்க்கக்கூட விடவில்லை என்பார்கள். அதனால் ஆதிலட்சுமி ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழிக்குப் பெயர் கன்னியப்பன்.

கன்னியப்பன் டெண்ட் கொட்டகையில் வேலை பார்த்தவன். மழைக்காலத்தில் கொட்டகை மூடியதும் சொசைட்டி பக்கத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவான். அவன் பார்க்காத படம் கிடையாது என்பது ஊர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்தவனும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்பது வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்துவிடும். ஆதிலட்சுமி பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அவனிடம் நின்று கேட்பாள்.

"கன்னியப்பண்ணா, இந்த வாட்டி படம் எப்பிடி? அம்மாக்காரி சாவற படமா? சின்னராசு ராத்திரில தூங்க மாட்டேங்கறான்."

சித்தி வருகிறாளா என்று கேட்க வாய் வராது. ஆனால் அம்மா செத்தால்தானே சித்தி வருவாள், கணக்கு அதுதான். கன்னியப்பன் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே ரீல் ரீலாகச் சொல்வான். அம்மா உயிரோடு இருக்கிற படமென்றால் அது நல்ல படம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கோணிப்பையைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் போய் உட்காருவாள். அம்மா செத்தால் கெட்ட படம். அன்றைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சை ரெக்சின் பையில் துணியைத் திணித்துக்கொண்டு, எங்கம்மாவுக்கு முடியலை என்று சொல்லி, பிள்ளைகளோடு திருமுக்கூடலுக்கு பஸ் ஏறிவிடுவாள்.

முதல் தடவை நன்றாகத்தான் நடந்தது. மூன்று ஆறு கூடுகிற இடத்தில் வெள்ளம் பார்த்தார்கள், வடை தின்றார்கள், மறுநாள் விடிகாலை பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை நனைந்ததில் ஆதிலட்சுமிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. தாமோதரன் டிராக்டரோடு வந்து பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனான். அவள் அம்மா வீட்டிலேயே படுத்துவிட்டு வியாழக்கிழமைதான் வந்தாள். வாசலில் பையோடு அவள் வந்து நின்றபோது கனகா முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. ஆணியில் மாட்டியிருக்கும் பச்சைப் பை காணாமல் போக ஆரம்பித்தது. ஒரு தடவை நெல் குதிருக்குப் பின்னால் கிடைத்தது. இன்னொரு தடவை மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில். யார் வேலை என்று கேட்கத் தேவையே இல்லை. வைக்கோல் தூசி கனகாவின் பாவாடையிலேயே இருந்தது.

'என் பொருள் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று நினைக்கிறாள்' என்றுதான் ஆதிலட்சுமிக்குப் பட்டது. திட்டவில்லை. திட்டினால் அது சினிமாவாகிவிடும். பையைத் தட்டித் துடைத்து மறுபடி ஆணியிலேயே மாட்டினாள்.

கார்த்திகை பிறந்து மழை வலுத்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்து ரோடு தெரியவில்லை, திருமுக்கூடல் பஸ்ஸும் நின்றுவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை கெட்ட படம் வந்தால் ஓட இடமில்லை. வெள்ளிக்கிழமை ஆதிலட்சுமி பால் தூக்கோடு கன்னியப்பன் முன்னால் நின்றபோது அவளுக்குக் கால் பரபரத்தது.

"கவலப்படாத தங்கச்சி, நல்ல குடும்பப் படம். மொத ரீல்ல அம்மாக்காரி ஊஞ்சல்ல ஒக்காந்து பாட்டு பாடுவா. புள்ளைங்க ரெண்டும் கூட ஆடும்," என்றான் கன்னியப்பன்.

"அப்பால?"

"அப்பால இன்னா, குடும்பம்னா சண்ட சச்சரவு வராதா. கடைசில யாரோ ஒரு நாத்தனார்காரி பைய தூக்கிக்கினு வூட்ட வுட்டுப் போவா. அப்பனும் புள்ளைங்களும் கட்டிப் புடிச்சிக்குவாங்க. வணக்கம் போட்டுடுவான்."

"நாத்தனார் கொடுமதானா?"

"நாத்தனார் கொடுமதான். வேற இன்னா?"

ஆதிலட்சுமிக்கு உடம்பே லேசாகிவிட்டது. நாத்தனார் படம் என்றால் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. தாயாரம்மாள் தன் தம்பி பெண்டாட்டியைப் படுத்திய பாடு ஊரறிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் 'ச்சொ' கொட்டட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வந்தவள் ஆணியைப் பார்த்தாள். பையைக் காணோம். எங்கேயும் போகப் போவதில்லை, பஸ்ஸே ஓடவில்லை, அப்படியும் காணோம். குதிருக்குப் பின்னால் பார்த்தாள், வைக்கோலில் துழாவினாள். இந்தத் தடவை கிடைக்கவே இல்லை. திண்டாடிப்போய்க் கனகாவைப் பார்த்தாள். கனகா தம்பிக்குப் பல்பம் கூராக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பை பாத்தியா கனகா?"

"எங்க போற?" என்று கேட்டாள் கனகா, தலை நிமிராமல்.

"எங்கயும் போவல. சும்மா கேட்டேன்."

"அப்ப எதுக்கு பை?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஞ்சாட்சரம் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. ஈரத் துணி, வேர்க்கடலைத் தோல், ஆவி பறக்கிற தலைகள். பிள்ளைகள் முன்னால், பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வாசல் ஓரம், பஞ்சாட்சரம் மட்டும் நாற்காலியில். கன்னியப்பனுக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம். படம் மங்கினால் மாடிக்கு ஓடி ஆன்டெனாக் குழாயைத் திருப்புவது அவன் வேலை, அதற்காக அந்த மரியாதை.

படம் ஆரம்பித்தது. அவன் சொன்ன மாதிரியே அம்மாக்காரி ஊஞ்சலில் பாடினாள். பிள்ளைகள் ஆடின. சின்னராசு திரும்பி ஆதிலட்சுமியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்து இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பாட்டு முடிந்தது, அம்மாக்காரி இருமினாள்.

ஆதிலட்சுமிக்குக் கடலை தொண்டையில் நின்றது. சினிமாவில் யாரும் சும்மா இருமுவதில்லை. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மாக்காரி மறுபடி இருமினாள். வாயைத் துடைத்த முந்தானையைப் பார்த்தாள். டாக்டர் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் மட்டும் தனியாக ஆடியது.

ஆதிலட்சுமி பெண்களை விலக்கிக்கொண்டு முட்டி போட்டு நகர்ந்து கன்னியப்பன் தோளைத் தொட்டாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா இது? அம்மா செத்துட்டா?"

"ஆமா தங்கச்சி," என்றான் கன்னியப்பன். அவனுக்கே கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியாது. இந்த ரீலு ஓடும்போது நான் சைக்கிள்ல கீறேன்."

அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒரே படப்பெட்டியை வைத்துக்கொண்டு உத்திரமேரூரிலும் மானாம்பதியிலும் இரண்டு கொட்டகையில் ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிந்த ரீலை அங்கே கொண்டுபோக வேண்டும், திரும்பி வந்து அடுத்ததைத் தூக்க வேண்டும். அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடியவன் கன்னியப்பன். எந்தப் படமானாலும் ஆரம்பத்தை உத்திரமேரூரில் பார்ப்பான், முடிவை மானாம்பதியில் பார்ப்பான், நடுவில் அவனுக்கு இருட்டும் ரோடும்தான். இத்தனை வருஷமாக நடுவை அவனே இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். சினிமா மேதை என்று பெயர் வாங்கியவன் அதைப் போய் வெளியில் சொல்வானா.

"அப்ப அந்த நாத்தனாரு?" என்று கேட்டாள்.

பதில் பெட்டியிலேயே வந்தது. மாலையும் கழுத்துமாக ஒருத்தி வாசலில் வந்து நின்று, பிள்ளைகள் இரண்டையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"தோ வந்துட்டா மகராசி," என்றாள் தாயாரம்மாள். கூடம் சிரித்தது, சில தலைகள் திரும்பின.

அதற்கப்புறம் நடந்ததை ஆதிலட்சுமி முழுசாகப் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தைக் கேட்டாள், கூரை விட்டத்தைப் பார்த்தாள், கால் மாற்றி உட்கார்ந்தாள், மறுபடி மாற்றினாள். ஆனாலும் காதை மூட முடியாதே. பாத்திரம் உருண்டது, பிள்ளை வீறிட்டது, சித்திக்காரி சிரித்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தபோது, சித்திக்காரி அந்தப் பிள்ளையைக் கொட்டுகிற மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"கனகா, நல்லாப் பாத்துக்கோம்மா. சின்னராசு, நீயும் பாருடா," என்றாள் தாயாரம்மாள். "உங்கம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். சின்னராசு திரும்பி ஆதிலட்சுமியைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவளை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தான். கனகா திரும்பவேயில்லை. அவளுடைய பின்னல் இரண்டும், காலையில் ஆதிலட்சுமி இழுத்துக் கட்டிய ரிப்பனும்தான் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. படம் நடுங்கியது. சித்திக்காரி இரண்டு மூன்றாகத் தெரிந்தாள்.

"கன்னியப்பா, மேல போடா," என்றார் பஞ்சாட்சரம்.

"அண்ணா, இது மட்டும் பாத்துக்கறேனே. நான் பாக்காத ரீலு," என்று கன்னியப்பன் கெஞ்சினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தின் நடுவைப் பார்க்கிறவனை எழுப்ப யாராலும் முடியாது.

ஆதிலட்சுமி எழுந்துவிட்டாள். "நான் போயி திருப்பறேன்," என்று சொன்னதுதான், யாரும் ஏன் என்று கேட்பதற்குள் படியேறிவிட்டாள். அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

மாடியில் இடி மின்னல் இல்லை, வெறும் மழை. இரும்புக் குழாய் ஜில்லென்றிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள்.

"வர்து, வர்து," என்று கீழேயிருந்து பிள்ளைகள் குரல் கொடுத்தார்கள்.

வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆதிலட்சுமி கையை எடுக்கவில்லை. குழாயைப் பார்த்தாள். மெட்ராஸ் இந்தப் பக்கம் என்றால், வந்தவாசி அந்தப் பக்கம். மெதுவாக, வந்தவாசிப் பக்கமாகத் திருப்பினாள்.

"போச்சு," என்றன குரல்கள்.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"சுத்தமா போச்சு. ஆதி, எதிர்ப்பக்கம் திருப்புடீ," என்று தாயாரம்மாள் கத்தினாள்.

"தோ, தோ, திருப்பறேன்," என்று கத்திவிட்டு ஆதிலட்சுமி குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வழிந்தது மழையா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பிரித்துத் தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஊரே கூடி ஒரு படத்தைப் பார்க்கிறது, அந்தப் படத்தைக் கையால் பிடித்துத் திருகிக்கொண்டு நிற்கிறோமே, இது என்ன கேவலம் என்று நினைத்தாள். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. படம் முடிகிற வரைக்கும் இப்படியே நின்றுவிட்டால் என்ன என்று தோன்றியது.

பின்னால் படியில் காலடி கேட்டது. கனகா. தலையில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தாள். கையில் இன்னொரு கோணி. அதை ஆதிலட்சுமியிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோ. நனையற."

ஆதிலட்சுமி வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள். ஒரு கை குழாயிலேயே இருந்தது. கனகா அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் மேலே ஆன்டெனாவைப் பார்த்தாள்.

"வேணும்னேதான் திருப்பி வெச்சிகினு கீற."

ஆதிலட்சுமிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா," என்றாள். "அந்தப் படம் வேணாம் கனகா. அது கெட்ட படம்."

"எனக்குத் தெரியும். சித்தி படம் போடற அன்னிக்கெல்லாம் நீ எங்கள திருமுக்கூடலுக்கு இட்டுக்கினு போயிடுவ. திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல செங்கேணி எல்லா கதையும் சொல்லிடுவா. அவ நடிச்சே காட்டுவா."

ஆதிலட்சுமி குழாயில் சாய்ந்துகொண்டாள். பஸ் ஏறி, பொய் சொல்லி, காய்ச்சலில் விழுந்து மறைத்ததெல்லாம் திங்கட்கிழமை காலையில் செங்கேணி என்ற ஒரு பொடிசு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் நடிப்போடு. சிரிக்கலாம் போலவும் இருந்தது.

"அப்ப இத வேற பாக்கணுமா?"

"கடைசி பாக்கணும்," என்றாள் கனகா. "செங்கேணி பொய் சொல்வா. கடைசில சித்தி இன்னா ஆவறான்னு நான் பாக்கணும். திருப்பு."

அந்தச் சின்ன முகத்தில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. பிடிவாதம் மட்டும் இருந்தது. சித்திக்காரி ஒழிகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம், அவ்வளவு ஆசையா என்று நினைத்தபோது ஆதிலட்சுமிக்கு நெஞ்சில் எதுவோ இற்றுப்போயிற்று. ஆனாலும் வந்த நாளிலிருந்து அந்தப் பெண் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். சோறு கேட்பதும் பின்னல் கேட்பதும் கணக்கில் சேராது. ஆதிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு குழாயை மெட்ராஸ் பக்கம் திருப்பினாள்.

"வர்து," என்று கீழே கூச்சல் எழுந்தது. "நல்லா வர்து. அப்பிடியே வுட்டுடு."

இருவரும் சொட்டச் சொட்டக் கூடத்துக்குள் வந்தார்கள். கனகா முன்வரிசைக்குப் போகவில்லை. பின்னால், பெண்கள் பக்கத்தில், ஆதிலட்சுமிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னராசு தாயாரம்மாள் மடியில் தூங்கிப்போயிருந்தான். படம் கடைசிக்கு வந்திருந்தது. பிள்ளை ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டது, அப்பன்காரனுக்குப் புத்தி வந்தது, ஊரார் கூடினார்கள். சித்திக்காரி உள்ளே போனாள். துணிகளை ஒரு பையில் திணித்தாள். கன்னியப்பன் சொன்ன நாத்தனார் இவள்தான். பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வாசற்படி இறங்கிப் போனாள். அப்பனும் பிள்ளைகளும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வணக்கம்.

கூடம் அசைந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோணிகளை உதறினார்கள். கன்னியப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக நாத்தனார் என்று நினைத்திருந்தவளை இன்றைக்கு அடையாளம் கண்டுகொண்ட அதிர்ச்சி அவனுக்கு. ஆதிலட்சுமி யார் முகத்தையும் பார்க்காமல் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"பாத்தியாடி கனகா?" என்றாள் தாயாரம்மாள், சின்னராசுவைத் தூக்கித் தோளில் போட்டபடி. "எப்பிடி ஆடினாலும் கடைசில பையத் தூக்கிக்கினு போயிட்டா பாரு. சித்திக்காரின்னா அவ்ளோதான். ஒட்ட மாட்டா."

கனகா எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டினாள். ஒரு கையை எட்டிப் பின்னால் நீட்டி, ஆதிலட்சுமியின் ஈர முந்தானையைப் பார்க்காமலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்க தொத்தா போவ முடியாது பெரிம்மா," என்றாள். "பை என்னாண்ட கீது."

ஆதிலட்சுமி தாயாரம்மாளிடமிருந்து தூங்குகிற பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வைக்கோல் தூசியும், அந்த வியாழக்கிழமை திரும்பாத முகமும், முந்தாநாள் கேட்ட 'எங்க போற' என்ற கேள்வியும் அவளுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கின.

வெளியே மழை விட்டபாடில்லை. மூவரும் இரண்டு கோணிக்குள் ஒண்டிக்கொண்டு நடந்தார்கள். கனகா முந்தானையை விடவில்லை. பை எங்கே என்று ஆதிலட்சுமி வழியிலும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போன பிறகும் கேட்கவில்லை.